சக்கர் எது வாங்கலாம்?

தம்பி: மாமா, அம்மா வீட்டு டிவி பவர் போர்டைக் கழற்றிவிட்டேன். இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது. பழையதை எடுக்கத்தான் முடியவில்லை. உருகிய ஈயத்தை உறிஞ்சும் பம்ப் இருக்கிறதே, இந்த சக்கர், அது ஈயத்தை இழுக்கவே மாட்டேன் என்கிறது.

தம்பி: 📷 படம்

அக்கா: டேய், முதலில் ப்ளக்கைப் பிடுங்கினாயா?

தம்பி: நேற்றே பிடுங்கிவிட்டேன் அக்கா.

சின்ன மாமா: பிடுங்கினால் மட்டும் போதாது. 450 வோல்ட் என்று போட்ட பெரிய கெப்பாசிட்டர் இருக்கும் பார், அதில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கி நிற்கும். மீட்டர் வை. இருந்தால் பழைய குண்டு பல்பை இரண்டு முனைக்கும் கொடுத்து இறக்கு. ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் பண்ணாதே.

தம்பி: வைத்துப் பார்த்தேன் மாமா. 2 வோல்ட்தான்.

சின்ன மாமா: சரி. படத்தில் ஒரு கால் பக்கம் செம்பு வளையம் வெங்காயச் சருகு மாதிரி தூக்கி நிற்கிறதே. எத்தனை தரம் சூடு வைத்தாய்?

தம்பி: ஏழெட்டுத் தரம்.

சின்ன மாமா: அதுதான். இந்த மாதிரி போர்டில் செம்பு ஒரு பக்கம்தான். திரும்பத் திரும்பச் சுட்டால் பசை விட்டுவிடும். உள்ளே இருப்பது காரீயம் கலக்காத, லெட்-ஃப்ரீ பற்று ஈயமாகத்தான் இருக்கும், 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த நம் 63/37 ஈயம் 183-லேயே உருகும். முதலில் புது ஈயத்தைக் கொஞ்சம் அதன் மேல் ஊட்டு. இரண்டும் கலந்து பளபளவென்று ஓடும்போது இழு. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அக்கா: மாமா, ஆன்லைனில் துப்பாக்கி மாதிரி ஒன்று பார்த்தேன், ஹக்கோ கம்பெனியுடையது. அதையே வாங்கிக் கொடுத்துவிடலாமா?

சின்ன மாமா: எஃப்ஆர்-301 தானே? அருமையான சாமான். சுடுவதும் உறிஞ்சுவதும் ஒரே முனையில், ஈயம் உருகும்போதே இழுத்துக்கொள்ளும். ஆனால் அது தினமும் போர்டு பார்ப்பவருக்கு. நாசிலையும் ஃபில்டரையும் விடாமல் சுத்தம் பண்ண வேண்டும். வீட்டில் ஒரு டிவிக்கு அது வேண்டாம் அம்மா.

நான்: நாளைக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகிறேன் மாமா. என்ன வாங்கட்டும்?

சின்ன மாமா: ஜப்பான் கம்பெனி ‘இன்ஜினியர்’ போடும் எஸ்எஸ்-02 சக்கர் கிடைத்தால் அதை எடு. முனையில் சிலிகான் குழாய் இருக்கும், பற்றவைக்கும் அயர்ன் பட்டாலும் உருகாது, காலைச் சுற்றி அப்படியே பொத்திக்கொள்ளும். கிடைக்காவிட்டால் சாதா சக்கர் ஒன்றையே சோதித்து வாங்கு. பிஸ்டனை அழுத்தி லாக் பண்ணு, முனையை விரலால் அடை, பட்டனைத் தட்டு. பிஸ்டன் திணறி மெதுவாக ஏற வேண்டும். சர்ரென்று எழும்பினால் வாஷர் லீக், அதை வைத்துவிடு.

சின்ன மாமா: அப்புறம் ஒரு ரோல் விக், அதாவது ஈயத்தைக் குடிக்கும் செம்புப் பின்னல், ஈயம் நன்றாக ஓடக் கொஞ்சம் பிசின் ஃப்ளக்ஸ். சக்கர் விட்டுவைத்த மிச்சத்தை விக் எடுக்கும். ஆறிய விக்கைப் பிடித்து இழுக்காதே, செம்பும் சேர்ந்து வந்துவிடும். ஈயம் குடித்த பகுதியை வெட்டிவிட்டுத்தான் அடுத்த காலுக்குப் போக வேண்டும்.

தம்பி: தூக்கி நிற்கும் வளையத்தை என்ன செய்வது மாமா?

சின்ன மாமா: கெப்பாசிட்டர் காலிலிருந்து அதே தடத்தில் அடுத்து வரும் பற்றுக்கு ஒரு ஒயர் துண்டு போட்டுவிடு. ஓடும்.

*மறுநாள்*

நான்: மாமா, இன்ஜினியர் இல்லை. மூன்றாவது கடையில்தான் ஒன்று திணறியது. வாங்கிவிட்டேன், தம்பி கையில் கொடுத்தாயிற்று.

தம்பி: மாமா, புது ஈயம் ஊட்டி இழுத்தேன், ஒரே தட்டில் ஓட்டை தெரிகிறது! இரண்டு கெப்பாசிட்டரும் வந்துவிட்டன.

சின்ன மாமா: சபாஷ். சக்கரைத் திறந்து உள்ளே இருக்கும் ஈயத் துகளைத் தட்டிவிடு, இல்லாவிட்டால் அடுத்த தரம் அடைத்துக்கொள்ளும். புது கெப்பாசிட்டர் 105 டிகிரி வரை தாங்கும் என்று போட்டதுதானே? மைனஸ் பட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துப் போடு. பற்று வைத்ததும் படம் அனுப்பு, நான் பார்த்துச் சொன்ன பிறகு கரண்ட் கொடு.