வாரத்தில் 3 இரவு பிள்ளைகள் என்னிடம்: பராமரிப்புத் தொகை குறைய வேண்டாமா?

மூன்று இரவு:
நானும் மனைவியும் பிரிந்து ஓராண்டாகிறது. ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும் வாரத்தில் 4 இரவு தாயிடமும் 3 இரவு என்னிடமும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென மாதந்தோறும் ஒரு தொகை அனுப்புகிறேன். அத்துடன், இருவர் பெயரிலும் உள்ள பழைய வீட்டின் கடன் தவணையில் பாதியையும் கட்டுகிறேன். அங்கே குடியிருப்பவர் அவர்தான். இப்போது மின்கட்டணத்திலும் இணையக் கட்டணத்திலும் பாதி கேட்கிறார். பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் என் வீட்டில் உண்டு உறங்கும்போது, தொகை அந்த அளவுக்குக் குறைவதுதானே முறை? பிரிட்டனின் அரசு கணக்கீட்டில், ஆண்டுக்கு 156 முதல் 174 இரவு வரை பிள்ளை தங்கினால், பணம் கட்டுபவருக்கு ஏழில் மூன்று பங்கு கழிக்கப்படுகிறது. என் கணக்கு சரியாக 156. நான் அங்கே வசிப்பவன் அல்லன். இருந்தாலும் அந்தத் தர்க்கம் எனக்குச் சரியாகப் படுகிறது.

புத்தகப்பை:
அதே கணக்கீட்டில் 155 இரவென்றால் ஏழில் இரண்டு பங்குதான் கழியும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரே ஓர் இரவில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று எங்கே படுக்கட்டும் என்று பேசும்போதே இரு பெற்றோர் மனத்திலும் எண்கள் ஓடத் தொடங்கிவிடும். ஆறு ஆண்டுகளாக இப்படி வாழ்பவள் என்பதால் சொல்கிறேன்: என் மகன் தந்தையிடம் போகும் இரவுகளுக்காக வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்ததில்லை, பள்ளியும் கட்டணத்தைக் குறைத்ததில்லை. காலணியின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, விரல் முட்டுகிறது என்று தெரிந்து, மறுநாளே புதிது வாங்க ஓடுவது எப்போதும் ஒரே ஆள்தான். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, பெற்றோர் தத்தம் திறனுக்கும் பொருள் வசதிக்கும் ஏற்பப் பிள்ளையின் வாழ்க்கை நிலைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. வசதிதான் அங்கே அளவுகோல். இரவு எண்ணிக்கை அன்று.

மூன்று இரவு:
உங்கள் வாடகை வாதம் எனக்கும் அப்படியே பொருந்துகிறது. பிள்ளைகள் இல்லாத நான்கு இரவும் அவர்களுடைய அறைக்கு நானும்தான் வாடகை கட்டுகிறேன். இரண்டாவது பல் துலக்கியிலிருந்து இரண்டாவது படிப்பு மேசை வரை எல்லாம் புதிதாக வாங்கியிருக்கிறேன். காலணி மட்டும் நான் வாங்கியதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பேரேடு:
கணக்கு எழுதுவது என் தொழில். நீங்கள் இருவரும் வெவ்வேறு செலவுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். சாப்பாட்டுச் செலவு பிள்ளையோடு வீடு மாறுகிறது. அதற்கு இரவுக் கணக்கு பொருந்தும். அறையும் கட்டிலும் இரு வீட்டிலும் இருந்தாக வேண்டியவை என்பதால் அங்கே மொத்தச் செலவே கூடிவிடுகிறது. பள்ளிக் கட்டணம், மருத்துவம், காலணி போன்றவற்றை யாராவது ஒருவர் ஒரு முறை வாங்கினால் போதும். அவற்றை இரவால் வகுப்பதில் பொருளே இல்லை.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் இரு பெற்றோரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன. (பிரிட்டன் முறை கட்டுபவரின் வருமானத்தை மட்டுமே பார்க்கிறது. அது அதன் பெருங்குறை என்பது என் எண்ணம்.) பிள்ளை இரு வீட்டிலும் கணிசமான நாள் வாழ்ந்தால், அவற்றுள் சில மாநிலங்கள் அடிப்படைச் செலவை ஒன்றரை மடங்காக்கிக்கொள்கின்றன. அடிப்படைச் செலவு 100, வருமான விகிதம் 60:40 என்று வையுங்கள். 150இல் தந்தையின் பங்கு 90, தாயின் பங்கு 60. தந்தை 90இல் ஏழில் நான்கைத் தாய்க்குத் தர வேண்டும், அது ஏறத்தாழ 51. தாய் 60இல் ஏழில் மூன்றைத் தந்தைக்குத் தர வேண்டும், அது 26. நிகரமாகத் தந்தை தருவது 26க்குச் சற்றுக் குறைவு. நீங்கள் கேட்பதுபோல், 100இல் தந்தையின் பங்கான 60இலிருந்து ஏழில் மூன்றை நேராகக் கழித்தால் 34 வரும்.

மூன்று இரவு:
அப்படியானால் நான் கேட்ட கழிவு குறைவுதான்!

புத்தகப்பை:
கொஞ்சம் பொறுங்கள். அந்த 26க்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: பள்ளிக் கட்டணமும் மருத்துவமும் அதில் அடங்காமல், தனியே 60:40 எனப் பிரிய வேண்டும். உடைக்கும் காலணிக்கும் அந்தச் சூத்திரம் உங்களையும் செலவழிப்பவராகவே கொள்கிறது. தொகையை மட்டும் குறைத்துவிட்டுக் கடைக்குப் போவதைத் தாயிடமே விட்டால், அவர் இரு முறை இழக்கிறார். இன்னொன்று, 156 என்பது ஒப்பந்தத்தில் எழுதிய எண். வேலை நெருக்கடி என்று நீங்கள் அழைத்துப் போகாத வாரங்களைக் கழித்தால் எத்தனை வரும்? அந்த இரவுகளுக்குக் கழித்த பணத்தை யாரும் திருப்பித் தருவதில்லை; என் அனுபவத்தில் ஒரு முறைகூட வந்ததில்லை.

சாவி:
வீட்டுக் கடனைப் பிள்ளைக் கணக்கிலிருந்து வெளியே எடுங்கள். தவணை கட்டக் கட்ட உங்கள் பெயரிலுள்ள பாதிச் சொத்தின் கடன்தான் குறைகிறது. அதைக் காட்டிப் பராமரிப்புத் தொகையைக் குறைக்கக் கேட்பது தவறு. அங்கே அவர் தனியாகக் குடியிருப்பதற்கு ஈடு வேண்டுமென்றால், சொத்தைப் பிரிக்கும்போது பேசிக்கொள்ளுங்கள். மின்கட்டணத்திலோ அவர் கேட்பது தவறு. பிள்ளைகளுக்கான விளக்கும் விசிறியும் பராமரிப்புத் தொகைக்குள்ளேயே அடங்கிவிட்டன. மறுபடி பாதி கேட்டால், ஒரே செலவுக்கு இரு முறை வசூலிப்பதாகும்.

புத்தகப்பை:
மின்கட்டணத்தில் சாவி சொல்வதை ஏற்கிறேன். தொகை நிர்ணயிக்கும்போது வீட்டுச் செலவையும் சேர்த்திருந்தால் மட்டும்.

மூன்று இரவு:
சேர்த்துத்தான் நிர்ணயித்தோம். நாட்காட்டியை இப்போதுதான் எடுத்து எண்ணினேன். கடந்த ஓராண்டில் பிள்ளைகள் இங்கே தங்கியது 131 இரவு. 156 என்று எழுதியபோது பொய் சொல்லும் எண்ணம் இல்லை, ஒப்பந்தத்தையே நடப்பாக நினைத்துவிட்டேன். கழிவைப் பற்றி இப்போது அவரிடம் பேசப் போவதில்லை. கடன் தவணையையும் இனி இதில் இழுக்க மாட்டேன். மின்கட்டணத்தில் பாதி தர மாட்டேன் என்பதில் மாற்றமில்லை. காலணி, கண்ணாடி, மருத்துவம் மூன்றையும் ரசீது வைத்து 60:40 என்று பிரித்துக்கொள்ளலாம் என இன்று எழுதி அனுப்புகிறேன்.

புத்தகப்பை:
ரசீதைக் கேட்கும்போது, அடுத்த காலணியை நீங்களே வாங்குவதாகவும் அதில் எழுதுங்கள். அளவு தெரியுமா?

மூன்று இரவு:
மகளுடையது தெரியும். மகனுடையதை வெள்ளிக்கிழமை வந்ததும் பார்த்துவிடுகிறேன்.