சிங்கப்பூர்ல இருந்து குராசோ (கரீபியன் தீவு) போக அம்மாவுக்கு டிக்கெட், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அக்கா குராசோல இருக்கா, பிப்ரவரி நடுவுல பிரசவம், அதுக்குள்ள அம்மாவ அனுப்பியே ஆகணும். சாங்கில இருந்து நேரா ஃப்ளைட் கிடையாது. அம்மாவுக்கு 67 வயசு, முட்டி வலி, வீல்சேர் வேணும், இந்தியன் பாஸ்போர்ட், குராசோ விசா கைல இருக்கு. நியூயார்க் வழி பார்த்தேன், அங்க மாறி ஏறுறதுக்கே அமெரிக்க விசா வேணும்னதும் விட்டுட்டேன். ஆம்ஸ்டர்டாம் வழியா கேஎல்எம் (டச்சு ஏர்லைன்)ல ஒரே டிக்கெட்டா போனா நிம்மதி, ஆனா 3,400 வெள்ளி காட்டுது, என்னால 2,500 தான் முடியும். ஆம்ஸ்டர்டாம்ல இருந்து டூயி (TUI)ங்கிற டூர் கம்பெனியோட ஹாலிடே ஃப்ளைட் நேரா குராசோ போகுது, அத தனியா எடுத்தா மலிவு, ஆனா ஸ்கிப்போல்ல (ஆம்ஸ்டர்டாம் ஏர்போர்ட்) வெளிய வந்து பெட்டி எடுத்து திரும்ப செக்-இன் பண்ணணும்னா ஷெங்கன் (ஐரோப்பா) விசா வேணுமே, முதல் ஃப்ளைட் லேட்டானா அடுத்த டிக்கெட் காசும் போச்சு. லிட்டில் இந்தியால ரெண்டு ஏஜென்ட்கிட்ட கேட்டாச்சு, இந்த மாதிரி டூர் கம்பெனி ஃப்ளைட்ல சீட் மட்டும் போட்டுத் தர மாட்டாங்களாம்.

இப்படி தனித்தனி டிக்கெட்ல ஆம்ஸ்டர்டாம் வழியா போனவங்க யாராச்சும், பெட்டிய இங்கயே குராசோ வரைக்கும் டேக் போட வைக்க முடிஞ்சுதா?