புதுப்பிப்பு: ஆர்ச் லினக்ஸ், எல்விஎம் – பூட் ஆகிவிட்டது

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: பழைய மடிக்கணினியில் ஆர்ச் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாலேயே நிறுவினேன், ரூட் (சிஸ்டத்தின் முதன்மைப் பகுதி) எல்விஎம்முக்குள் (டிஸ்க்கைப் பிறகு அளவு மாற்றக்கூடிய வால்யூம்களாகப் பிரிக்கும் முறை), ஆனால் பூட் ஆகும்போது 'ரூட் கிடைக்கவில்லை' என்று அவசர ஷெல்லில் (கட்டளை மட்டும் தட்டக்கூடிய திரை) போய் நிற்கிறது. சுங்கை சிப்புட்டில் நேற்றிரவு ஒரே இடி மழை, கரண்டும் போய்ப் போய் வந்தது. இருந்தாலும் முடித்துவிட்டேன்.

டிஸ்க்கில் கோளாறே இல்லை. யூஎஸ்பியிலிருந்து ஏற்றி வால்யூம்களை இயக்கும் 'விஜிசேஞ்ச் -ஏய்' (vgchange -ay) கட்டளையைக் கொடுத்ததும் எல்லா வால்யூமும் வந்துவிட்டன. பூட்டின் தொடக்கத்தில் ரூட்டைத் தேடித்தரும் சின்ன சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குத்தான் எல்விஎம் என்றால் என்னவென்றே தெரியவில்லை! ஒரு அண்ணன் சொன்னபடி க்ரூட்டுக்குள் (யூஎஸ்பியிலிருந்தபடியே நிறுவிய சிஸ்டத்துக்குள் நுழைவது) போய், எல்விஎம்2 பொட்டலத்தைப் போட்டேன். யூஎஸ்பியில் அது இருந்ததால் புதிய சிஸ்டத்திலும் இருக்கும் என்று நினைத்தது என் மடத்தனம். அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் எம்கேஇனிட்சிபியோவின் அமைப்பில் 'பிளாக்'குக்கும் 'ஃபைல்சிஸ்டம்ஸ்'க்கும் நடுவில் 'எல்விஎம்2' ஹூக்கை (பூட்டின்போது ஓடும் துணை நிரல்) சேர்த்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்க 'எம்கேஇனிட்சிபியோ -பி' ஓட்டினேன். அந்த 'பி' பெரிய எழுத்து, கவனம்.

240 ஜிபி எஸ்எஸ்டி. பூட் 1 ஜிபி, ஃபேட்32, எல்விஎம்முக்கு வெளியே; கணினியைத் தொடங்கிவைக்கும் யூஇஎஃப்ஐ எல்விஎம்மைப் படிக்காது. உள்ளே ரூட் 40, ஸ்வாப் 4, ஹோம் 120. மிச்சத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன், பிறகு ஒரு வால்யூமைப் பெரிதாக்க 'எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்' போதும். ஃபைல்சிஸ்டமாக எக்ஸ்எஃப்எஸ் வேண்டாமா என்று கேட்டவருக்கு: அதைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. அதனால் எக்ஸ்ட்4.

வைஃபை இன்னும் தகராறுதான். அதைத் தனியாகக் கேட்கிறேன்.