கீபோர்டு பேஸை கிட்டாரில் வாசித்தால் பெடல் விக்குகிறது, வழி சொல்லுங்கள்

நாலுகம்பி (ரங்கூன்):

வணக்கம் அண்ணன்மாரே. எங்கள் குழுவில் கீபோர்டில் பேஸ் (பாட்டின் அடிப்பக்கக் கீழ்ச்சுரங்கள்) வாசித்தவர் போன மாதம் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். இருப்பது இப்போது ஒரே கீபோர்டு, அதை வாசிப்பது பதினாறு வயதுப் பையன், வயலினும் குழலும் வாசிக்கவே அவனுக்குக் கை போதவில்லை. ராஜா சார் பாட்டு என்றால் எனக்குக் கவலையில்லை, அவருடைய பேஸ்காரர் சசிதரன் கிட்டாரில் வாசித்தது, நானும் பேஸ் கிட்டாரில் வாசிக்கிறேன், கிட்டத்தட்ட வந்துவிடும். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த குத்துப்பாட்டுகளில்தான் சிக்கல். அதில் பலவற்றில் பேஸ் சிந்தசைசரில், அதாவது மின்னணுவில் ஒலியை உண்டாக்கும் கீபோர்டில், போட்டது. கிட்டாரில் அதே சுரங்களை வாசித்தாலும் ஏதோ பஜனை மடத்தில் வாசிப்பது மாதிரி இருக்கிறது.

அதனால் ஒலியை மாற்றுகிற பழைய மிதி பெடல்கள் மூன்று வாங்கினேன்: ஆக்டேவ் (சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்குவது), ஃபஸ் (ஒலியை முரடாக்குவது), ஆட்டோ-வா (‘வா வா’ என்று ஒலிக்க வைப்பது). ஏற்கனவே சத்தத்தைச் சமமாக்குகிற ஒரு கம்ப்ரெஸரும் உண்டு. கிட்டாரிலிருந்து கம்ப்ரெஸர், ஃபஸ், ஆக்டேவ், கடைசியில் ஆட்டோ-வா என்று மாட்டியிருக்கிறேன். மேல் E கம்பியில் கீழ்ப்பக்கமாக வாசித்தால் ஆக்டேவ் குழந்தைக்கு விக்கல் எடுப்பது போல விட்டுவிட்டுக் கத்துகிறது. ஆட்டோ-வா போட்டதும் போடாததும் ஒன்றுதான். வீட்டில் எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள சின்ன ஆம்ப், அதில் கேட்கவில்லையே என்று ஆக்டேவைக் கூட்டி வைத்தேன், போன ஞாயிறு மண்டபத்தில் போட்டால் சுவர் அதிர்ந்ததே தவிர பாட்டு எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு இருக்கிறது. கிட்டார் யமஹா, நாலு கம்பி.

பழைய கீபோர்டு (மோல்மீன்):

தம்பி, முதலில் ஒரு திருத்தம். தடித்த கம்பியை மேல் E என்று சொல்லாதே, கண்ணுக்கு மேலே இருந்தாலும் சுரத்தில் அதுதான் கீழே. இந்தக் குழப்பத்தில்தான் பாதிப் பிரச்சினையே இருக்கிறது.

அந்தக் கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஆக்டேவ் பெடல் அதைப் பாதியாக்கினால் 20 சொச்சம். அது காதுக்கு எட்டுகிற எல்லையின் விளிம்பு, எந்த மண்டபத்து ஸ்பீக்கரும் அதைச் சரியாகத் தராது, சுவர்தான் ஆடும். உனக்கு அந்த ஆழம் தேவையே இல்லை. ஒரு ஆக்டேவ் மேலே போய் வாசி, பெடல் கீழே இறக்கட்டும். E வேண்டுமென்றால் A கம்பியில் ஏழாவது ஃபிரெட் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி), அது 82 ஹெர்ட்ஸ், பெடல் அதை 41 ஆக்கிக் கொடுக்கும். சிந்தசைசர் பேஸ் சில பாட்டில் E-க்கும் கீழே D, C வரை இறங்கும், நாலு கம்பியில் அது கிடையாது என்று பலரும் ஐந்து கம்பி கிட்டார் தேடுவார்கள். நீ A கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் 65, பெடலில் 32 சொச்சம், அந்த C வந்துவிட்டது.

கிட்டாரின் நேர் ஒலியைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டு ஆக்டேவை மட்டும் வை. இரண்டையும் கலந்தால் அது ‘பெடல் போட்ட கிட்டார்’. தனியாக வைத்தால்தான் ஆள் மாறும்.

விக்கலுக்குக் காரணம் வேறு. பழைய அனலாக் ஆக்டேவ் பெடல் கம்பியின் ஒவ்வொரு அலையையும் எண்ணி இரண்டுக்கு ஒன்றாக வெளியே விடுகிறது. அடிச்சுரத்தை விட அதன் மேலே உள்ள சுரக்கூறு சத்தமாக இருந்தால் எதை எண்ணுவது என்று அதற்குப் புரியாது, மேலேயும் கீழேயும் தாவும். கழுத்துப்பக்கப் பிக்கப்பை (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) மட்டும் போடு, டோனைப் பாதிக்கும் கீழே குறை, கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கம் கீறாமல் கழுத்துப் பக்கமாகச் சதைப்பகுதியால் மீட்டு. பக்கத்துக் கம்பி அதிர்ந்தாலும் விக்கும், மற்றக் கம்பிகளைக் கையால் அடக்கி வை. ஒரு நேரத்தில் ஒரே சுரம்.

நாலுகம்பி:

அண்ணே, ஏழாவது ஃபிரெட் விஷயம் வேலை செய்கிறது! நேற்று இரவு மின்சாரம் வந்த இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டேன். விக்கல் முக்கால்வாசி போய்விட்டது. ஆட்டோ-வா மட்டும் இன்னும் மரம் மாதிரி நிற்கிறது. கம்பியை அறுக்கிற அளவுக்கு அடித்தாலும் திறக்க மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் திறந்தபடியே இருக்கிறது.

சாலிடர் புகை (பெகு):

அது பெடலின் குற்றமில்லை, நீங்கள் மாட்டிய வரிசையின் குற்றம். ஆட்டோ-வா என்பது உங்கள் விரலின் பலத்தைப் பார்த்து ஃபில்ட்டரை (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டுவது) திறந்து மூடுகிற பெட்டி. அதற்கு முன்னால் கம்ப்ரெஸரையும் ஃபஸ்ஸையும் வைத்துவிட்டீர்கள், இரண்டுமே பலமாக அடித்ததையும் மெல்ல அடித்ததையும் சமமாக்குகிறவை. எல்லா அடியும் ஒரே உயரத்தில் வந்தால் அது எதைப் பார்த்துத் திறக்கும்?

ஆக்டேவ் கிட்டாருக்கு அடுத்தே இருக்கட்டும், அதற்குச் சுத்தமான ஒலி வேண்டும், ஃபஸ் போட்ட ஒலியைக் கொடுத்தால் விக்கத்தான் செய்யும். கம்ப்ரெஸரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஃபஸ் எங்கே என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. சிந்தசைசரில் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் முதலில், அதன் முரட்டு ஒலியைத்தான் பின்னால் ஃபில்ட்டர் அரிந்து எடுக்கிறது, மினிமூக் என்ற சிந்தசைசர் 1970-ல் வந்ததிலிருந்து பொதுவாக அதுதான் அமைப்பு. அந்தக் கணக்கில் ஃபஸ் முன்னால், ஃபில்ட்டர் பின்னால் என்பதுதான் சரி. ஆனால் ஃபஸ்ஸின் கெயினை (முரட்டுத்தனத்தின் அளவு) மிகக் குறைவாக வைத்தால்தான் ஃபில்ட்டருக்கு விரலின் ஏற்ற இறக்கம் கொஞ்சமாவது தெரியும். கியூ-ட்ரான் பிளஸ் மாதிரி ஃபில்ட்டர் பெடலில் இதற்கென்றே, வேறு பெடலை நடுவில் மாட்ட, ஒரு லூப் உண்டு, ஃபஸ்ஸை அந்த லூப்புக்குள் மாட்டினால் ஃபில்ட்டர் சுத்தமான ஒலியைப் பார்த்துத் திறக்கும், ஃபஸ் ஒலியை அரியும். உங்களிடம் அது இல்லையென்றால் ஃபஸ்ஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஆக்டேவும் ஃபில்ட்டரும் மட்டும் வைத்துப் பழகுங்கள்.

பெடலில் லோபாஸ், பேண்ட்பாஸ் என்று மாற்றுகிற சுவிட்ச் இருக்கிறதா? கீழ்ச்சுரத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதை வெட்டுகிற லோபாஸில் வையுங்கள். நடுப்பகுதியை மட்டும் விடுகிற பேண்ட்பாஸில் அடிப்பக்கம் மொத்தமாகக் காணாமல் போய், வாத்து கத்துகிற மாதிரி வரும். ஃபில்ட்டரின் கூர்மையைக் கூட்டுகிற ரெசொனன்ஸையும் குறையுங்கள், குமிழ் கடிகாரத்தின் ஒன்பது மணி நிலைக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, ஆக்டேவ் பாஸ் கம்பெனியின் பழைய பெடலா? (பேஸுக்கு பாஸ், எழுதும்போதே தலை சுற்றுகிறது.) அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் ஏசிஏ (அவர்களின் பழைய அடாப்டர் வகை) என்று போட்டிருக்கிறதா பிஎஸ்ஏ (புது வகை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஏசிஏ என்றால் இப்போது கிடைக்கிற ஒன்பது வோல்ட் அடாப்டரைத் தனியாக மாட்டினால் மின்சாரம் பற்றாமல் மங்கிப்போய்த்தான் வேலை செய்யும். ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டு வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கொஞ்சம் சுருக்கமாக (ரங்கூன்):

இவ்வளவு கஷ்டம் எதற்கு? போனில் முன்பே பதிவு செய்த டிராக் போட்டுவிட்டு நீங்கள் சும்மா நின்று தலையாட்டலாமே.

நாலுகம்பி:

அதையும் செய்து பார்த்தோம் அண்ணே. பாதிப் பாட்டில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடுவதற்குள் போனில் டிராக் தன்பாட்டுக்கு ஓடிவிட்டது, டிரம்ஸ் ஒரு பக்கம், டிராக் ஒரு பக்கம். அப்புறம் மாப்பிள்ளையின் மாமா ‘ஒன்ஸ் மோர், அந்தச் சரணம் மட்டும்’ என்றார். டிராக்குக்குச் சரணம் மட்டும் தெரியாது.

சாலிடர் புகை சொன்ன ஏசிஏ என்னுடைய பெடலில் இருக்கிறது!! பேட்டரி போட்டதும் வேறு பெடல் மாதிரி பேசுகிறது. விற்றவர் இதைச் சொல்லவேயில்லை.

பழைய கீபோர்டு (மோல்மீன்):

சரி, பெடல் பேச்சு போதும், விரலுக்கு வருவோம். நான் முப்பது வருஷம் இடது கையால் பேஸ் வாசித்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கீபோர்டில் விரலை எடுத்த நொடியில் சத்தம் நின்றுவிடும். கிட்டாரில் கம்பி தானாக ஓயும்வரை விட்டுவிடுகிறீர்கள், காட்டிக்கொடுப்பது அதுதான். ஒவ்வொரு சுரத்தையும் எப்போது தொடங்குகிறாய் என்பதை விட எப்போது நிறுத்துகிறாய் என்று பார். இடது கை விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டால் சுரம் கத்தரித்தது போல நிற்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் மேல் லேசாக வைத்துக் கட்டைவிரலால் மீட்டிப் பார், அந்த ‘தும், தும்’ அப்படியே வரும். பெடலே இல்லாமல் இதைச் செய்தாலே பாதி தூரம் போய்விடலாம். புதுக் கம்பி மாட்டாதே, பளபளப்பு சத்தத்திலும் கேட்கும், பழைய கம்பியே இருக்கட்டும்.

சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போகிற பாட்டுகளில் இரண்டு சுரத்தையும் ஒரே கம்பியில் வைத்துக்கொண்டு, இரண்டாவதை மீட்டாமல் விரலை இழுத்துக்கொண்டு போ. கம்பி மாறினால் ஃபில்ட்டர் மறுபடி திறந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வேடிக்கை தெரியுமா, ரோலண்ட் 1981-ல் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டி விட்டது, பேஸ் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக. கிட்டார் மாதிரி இல்லை என்று ஜனங்கள் வாங்கவில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் அந்தக் கிட்டார் மாதிரி இல்லாத சத்தத்துக்காகவே பழையதைத் தேடி அலைந்தார்கள். இப்போது நீ கிட்டாரை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி மாதிரி கேட்க வேண்டும் என்கிறாய்!

நாலுகம்பி:

வரவேற்பு முடிந்தது, வந்து சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. கடைசியில் கிட்டார், ஆக்டேவ், ஃபில்ட்டர், கம்ப்ரெஸர், அவ்வளவுதான். ஆக்டேவ் பேட்டரியில், மற்ற இரண்டும் அடாப்டரில். மண்டபத்தில் போய்த்தான் ஆக்டேவின் அளவை வைத்தேன், வீட்டு ஆம்பில் வைத்ததை விடப் பாதிக்கும் கீழே வந்தது. மூன்று பாட்டுக்கு மட்டும் பெடலை மிதித்தேன், மற்றதெல்லாம் வெறும் கிட்டார். வழுக்கல் ஒரு இடத்தில் தப்பியது, யாரும் கவனிக்கவில்லை, டிரம்ஸ்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார். மின்சாரம் ஒரு தடவை போனது, தவில் அண்ணன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார். விளக்கு வந்ததும் பரிமாறுகிற பையன்கள் ‘மீ லாப்யீ!’ (பர்மிய மொழியில் ‘மின்சாரம் வந்துவிட்டது’) என்று கத்தினார்கள், அந்தச் சத்தத்திலேயே விட்ட இடத்திலிருந்து எடுத்துவிட்டோம். கீபோர்டுப் பையன் பாட்டு முடிந்ததும் கிட்டே வந்து ‘அண்ணே, அது என் கீபோர்டிலிருந்தா வந்தது?’ என்று கேட்டான்.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் ஃபில்ட்டர் வழியாக ஒரு ‘ங்ங்ங்’ சத்தம் வருகிறது, அதையும் பேட்டரிக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன். ஃபஸ் பெடல் சும்மா கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

சாலிடர் புகை (பெகு):

எனக்குத்தான். வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.