கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர்: குன்னூரில் துவைத்து, சென்னையில் வைக்க வேண்டும்

தேயிலைமேடு கேட்டது:

குன்னூர் வீட்டில் கையால் பின்னிய ஸ்வெட்டர் ஐந்து இருக்கிறது. மூன்று முழுக்கை, இரண்டு கையில்லாதவை. எல்லாமே "உல்லன்" என்று சொல்லி வாங்கிய நூல், எதிலும் லேபிள் இல்லை. ஒன்று வெள்ளையும் சிவப்பும் கலந்த பின்னல். இவற்றைத் துவைத்துச் சென்னைக்குக் கொண்டுபோய் அடுத்த குளிர்காலம் வரை பீரோவில் வைக்க வேண்டும்.

இப்போதைய நிலை: ஒன்று மெஷினில் போட்டதில் பாதியாகச் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. ஒன்று கொடியில் தொங்கியதில் கை நீண்டு, மணிக்கட்டுப் பட்டி மணி மாதிரி விரிந்து நிற்கிறது. வெள்ளை-சிவப்பில் கழுத்தருகே நான்கு சிறு ஓட்டைகள். மூடுபனி நாட்களில் துவைத்தால் மூன்று நாள் ஆனாலும் காயாமல் மக்கல் வாடை வருகிறது. முதலில் எதைச் செய்வது, எந்தச் சோப்பு, எப்படிக் காயவைப்பது, பூச்சிக்கு என்ன வைப்பது?

இரட்டைக்கண்ணி:

துவைக்கும் முன் இரண்டு வேலை இருக்கிறது.

முதலாவது, நூல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடையில் "உல்லன்" என்று கேட்டால் அக்ரிலிக் நூலும் அதே பெயரில்தான் கைக்கு வரும். உள்பக்கத் தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலில் ஓர் அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தலைமுடி கருகும் வாடை வரும், மிஞ்சும் கரி விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினதும் கறுப்பு மணியாக இறுகும், நசுங்காது. முடி வாடையும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு நூல். அதையும் கம்பளியாகவே நடத்துங்கள்.

இரண்டாவது, ஓட்டை. அதை அப்படியே தண்ணீரில் போடாதீர்கள். ஈரத்தின் எடையில் அறுந்த கண்ணி அவிழ்ந்து கீழே ஓடும், நான்கு மி.மீ. ஓட்டை நான்கு அங்குலக் கோடாகிவிடும். அவிழ்ந்து நிற்கும் ஒவ்வொரு கண்ணியையும் வேறு நிற மெல்லிய பருத்தி நூலில் கோத்துத் தளர்வாக முடிச்சிட்டு வையுங்கள். முழுசாக ரிப்பேர் செய்வது காய்ந்த பிறகு. ஓட்டையைச் சுற்றி மெல்லிய நூலாம்படை, ஸ்வெட்டரின் நிறத்திலேயே மணல் மாதிரித் துகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது அந்துப்பூச்சிப் புழுவின் எச்சம். அப்படியானால் அந்த ஒன்றை மட்டுமல்ல, ஐந்தையும் பூச்சி ஏறியதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

இனித் துவைப்பு. கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். ஈரமும் சூடும் பட்டால் செதில் விரியும். அந்த நேரத்தில் கசக்கினால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்பி வராது. தலைமுடியில் சடை விழுவது மாதிரிதான். மெஷினில் போனது இப்படிச் சடை விழுந்ததுதான். ஊறுவதால் கம்பளி கெடுவதில்லை, ஊறும்போது தேய்ப்பதால்தான் கெடுகிறது.

ஒரு தடவைக்கு ஒரு ஸ்வெட்டர். வாளி வேண்டாம், அகலமான அன்னக்கூடை. 8 லிட்டர் தண்ணீர், சுமார் 30 டிகிரி, அதாவது முழங்கையை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஈஸி மாதிரிக் கம்பளிக்கென்றே விற்கும் திரவத்தைப் பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவுக்குக் கலந்து, அதன் பிறகு ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே திருப்பி அமிழ்த்துங்கள். 15 நிமிடம் ஊறட்டும். உள்ளங்கையால் மேலிருந்து கீழே அழுத்தி அழுத்தி விடுவது மட்டும்தான் வேலை. கும்முவது, கல்லில் அடிப்பது, பிரஷ், காலரோடு காலரைத் தேய்ப்பது எதுவும் கூடாது. அலசுவதும் அதே சூட்டில், இரண்டு மூன்று தண்ணீர். குன்னூரில் டிசம்பர்க் குழாய்த் தண்ணீரில் சோப்பு சீக்கிரம் போகாது. போகவில்லையே என்று கை தானாகக் கசக்க ஆரம்பிக்கும், அங்கேதான் கெடும். அலசும் தண்ணீரையும் முன்பே விளாவி வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணச் சோப்புத்தூளில் காரம் அதிகம், சிலவற்றில் கறை நீக்கும் என்சைமும் உண்டு. கம்பளி புரதம். முட்டைக்கறையை அரிக்கும் என்சைம் கம்பளியையும் அரிக்கும். குளோரின் ப்ளீச் பட்டால் இழை கரைந்தே போய்விடும்.

தூக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையையும் அடியில் கொடுத்து, குழந்தையை ஏந்துவது போல மொத்தமாக எடுத்துத் துளையுள்ள கூடையில் வைத்து வடியவிடுங்கள்.

பூவந்தி:

மேலே சொன்னதோடு பூந்திக்கொட்டையையும் சேர்க்கிறேன். கம்பளிக்கும் பட்டுக்கும் பழைய கையிருப்பு அதுதான், காரம் இல்லாதது, போர்த் தண்ணீரின் உப்புக்கும் திரிந்து படியாது. விதை எடுத்த 10-12 கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 10 நிமிடம் சிறு தீயில் காய்ச்சி, பிசைந்து, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஆறியதும் 8 லிட்டரில் கலக்கலாம். வடிகட்டாமல் விட்டால் தோல் துணுக்கு பின்னலில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாது. கண்ணில் தெறித்தால் நன்றாக எரியும். சாறு பழுப்பு நிறம் என்பதால் வெள்ளை நூலில் மங்கல் ஏறலாம். அந்த வெள்ளை-சிவப்புக்கு மட்டும் திரவச் சோப்பே சரி.

சிவப்புச் சாயம் பற்றி: உப்புப் போட்டால், வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். பின்னி முடித்த ஸ்வெட்டரில், ஆறிய தண்ணீரில், அது நடக்காது. கம்பளிச் சாயத்தைப் பிடிக்கவைப்பது அமிலமும் கொதிக்கும் சூடும் சேர்ந்துதான். ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பின் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் ஊறவைக்காமல் மூன்று நான்கு நிமிடத்தில் துவைத்து அலசி முடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டாதபடி நடுவில் ஒரு துண்டை நுழைத்து உடனே ஈரம் எடுங்கள். சாயம் பெரும்பாலும் ஓடிப் படிவது துவைக்கும்போது அல்ல, ஈரத்தோடு மடித்து வைக்கும்போது.

வினிகருக்கு வேறு உபயோகம் உண்டு. கடைசி அலசலில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டால் மிச்சமிருக்கும் காரம் முறியும், நூல் மிருதுவாகும். காய்ந்ததும் வாடை நிற்காது.

தேயிலைமேடு:

கொளுத்திப் பார்த்தேன். நான்கில் முடி வாடை, ஒன்றில் கறுப்பு மணி. ஓட்டையைச் சுற்றித் துகள் இருக்கிறது. வீட்டில் செமி-ஆட்டோமேட்டிக் மெஷின் இருக்கிறது, அதன் பிழியும் தொட்டியில் போடலாமா? காயவைப்பதற்கு என்ன வழி? இங்கே வெயிலை நம்ப முடியவில்லை.

மஞ்சூர்மழை:

பிழியும் தொட்டியில் போடலாம். அது துணியை உரசுவதில்லை, சுவரோடு அழுத்தி வைத்துச் சுற்றுகிறது, அவ்வளவுதான். தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டி, 30 முதல் 60 விநாடி. துவைக்கும் தொட்டிப் பக்கமே போகக்கூடாது. மெஷின் வேண்டாம் என்றால் பெரிய துண்டில் விரித்து, பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். துண்டு நனைந்ததும் இன்னொன்று. ஒரு முழுக்கை ஸ்வெட்டருக்கு இரண்டு துண்டாவது பிடிக்கும். முறுக்கிப் பிழிந்தால் கண்ணி இழுபட்டு அப்படியே நிற்கும்.

துவைக்கும் முன் டேப் வைத்து மூன்று அளவு எழுதி வையுங்கள்: அக்குளிலிருந்து அக்குள், தோளிலிருந்து அடி விளிம்பு, அக்குளிலிருந்து மணிக்கட்டு. ஈரக் கம்பளிக்கு வலு குறைவு, இழுத்த பக்கம் வரும். கொடியில் தொங்கினால் அது குடித்த தண்ணீரின் எடையே அதைக் கீழே இழுக்கும், உங்கள் நீண்ட கைகளுக்குக் காரணம் அதுதான். தட்டையாக விரித்து, எழுதிய அளவுக்குத் தட்டித் தட்டிக் கொண்டுவாருங்கள். பட்டிகளை மட்டும் விரிக்காமல் கையால் கூட்டி நெருக்கி வையுங்கள்.

விரிக்க நல்ல இடம் கயிற்றுக்கட்டில், மேலே ஒரு பழைய பருத்திப் புடவை. இல்லையென்றால் இரண்டு நாற்காலிக்கு நடுவே நைலான் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள். அடியிலும் காற்று போக வேண்டும். தரையில் துண்டு மேல் போட்டால் அடிப்பக்கம் காயவே காயாது, அந்த மக்கல் வாடை அங்கிருந்துதான். கொசுவலைக்குக் கீழே டேபிள் ஃபேனை மேல்நோக்கித் திருப்பி ஓடவிடுங்கள். 10-12 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். ரூம் ஹீட்டர் வைத்தால் அறை சூடாகட்டும், ஸ்வெட்டர் சூடாக வேண்டாம், ஆறடி தள்ளி வையுங்கள். ஈரக் கம்பளியை நேர் வெயிலில் போடாதீர்கள். வெள்ளை மஞ்சளாகும், ஈரமாக இருக்கும்போது இன்னும் சீக்கிரம்.

காய்ந்ததா என்று கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொண்டே உலர்ந்தது போலக் காட்டும். சமையலறைத் தராசில் துவைக்கும் முன் எடை போடுங்கள். முன்பு 480 கிராம், பிறகு 540 என்றால் இன்னும் ஈரம். 10-15 கிராம் கூடுதல் என்றால் அன்றைய காற்றின் ஈரமாக இருக்கலாம். அக்குள், பட்டி, பொத்தான் பட்டி மூன்றும் கடைசியாகக் காயும் இடங்கள். அங்கே கன்னத்தை வைத்துப் பாருங்கள், சில்லென்றால் காயவில்லை.

நாள் தேர்வு இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை பலமாகக் கிடைக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றே ஈரம். ஜனவரி பாதிக்கு மேல் மார்ச் வரை வறண்ட காற்று. அந்த நாட்களில் மேலே சொன்ன பாடுகளில் பாதி தேவைப்படாது. அதுவரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

இரட்டைக்கண்ணி:

கறுப்பு மணி வந்த அக்ரிலிக்கை மற்றவற்றோடு கலக்காதீர்கள். அது சடை விழாது, சாதாரணத் திரவச் சோப்பு போதும், பூச்சியும் அதைத் தின்னாது. ஆனால் இஸ்திரிப் பெட்டியோ ஆவியோ பட்டால் பின்னலின் துள்ளல் செத்து, துவண்டு தொங்கும். அதைத் திருப்ப முடியாது.

மெஷினில் சுருங்கியதும் திரும்பாது. முடிக்குப் போடும் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் ஓரளவு நீளும், பழைய அளவு வராது. நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தால் கண்ணி அவிழாது, கத்தரியால் வெட்டிக் குழந்தைக்குக் காலுறையோ தேநீர்க் கெட்டில் உறையோ தைக்கலாம், அதற்கு அருமையான துணி.

விரிந்த மணிக்கட்டுப் பட்டி: நனைத்து, நெருக்கி, பட்டியின் குறுக்கே பருத்தி நூலில் ஓட்டுத்தையல் போட்டு இறுக்கிக் காயவையுங்கள். காய்ந்ததும் தையலைப் பிரித்தால் பெரும்பாலும் பழையபடி நிற்கும். நிற்காவிட்டால் பட்டியையும் உடலையும் ஒரே ஊசியில் பின்னியிருப்பார்கள். உடல் 8-ஆம் நம்பர் ஊசி என்றால் பட்டிக்கு 10 வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பழைய நம்பரில் எண் கூடினால் ஊசி மெலிசு, 8 என்பது 4 மி.மீ., 10 என்பது 3.25. பட்டிக்கு மேல் ஒரு கண்ணியை வெட்டி, வரிசையை உருவி, நிற்கும் கண்ணிகளை 10-இல் எடுத்து மேலிருந்து கீழே புதுப் பட்டி பின்னிவிடலாம். ஒரு மாலை வேலை.

ராமபாணம்:

துகள் இருக்கிறது என்றீர்கள், அதனால் துவைக்கும் முன்பே பூச்சியை முடியுங்கள். நான்கு கம்பளியையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, வாயை ஒட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம். −18 டிகிரி வேண்டும். ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டால் வேர்வை பையின் வெளியே நிற்கும், உள்ளே கம்பளி நனையாது.

கம்பளியைத் தின்பது அந்து அல்ல, அதன் புழு. விளக்கைச் சுற்றிப் பறப்பதும் அது அல்ல, கம்பளி அந்து இருட்டைத் தேடிப் போகும். சென்னைச் சுவர்களில் பூசணி விதை மாதிரிச் சாம்பல் நிறக் கூடு ஒட்டிக்கொண்டு நகருமே, அந்தப் புழுவும் ஒட்டடையோடு கம்பளியையும் தின்னும். பீரோ இருக்கும் அறையில் ஒட்டடை அடிப்பதும் ஸ்வெட்டர் பராமரிப்பில் சேர்த்திதான். வேர்வை, குழம்புக் கறை இருக்கும் இடமே புழுவுக்குப் பிடித்த இடம். ஒரே நாள் போட்டதென்றாலும் துவைக்காமல் உள்ளே வைக்காதீர்கள்.

ஸ்வெட்டரைச் சென்னையில் பெட்டியில் போடும் நாளன்று ஏசி அறையில் மூன்று மணி நேரம் விரித்து வையுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதே அறையில், கையைப் பின்பக்கம் மடித்து, தளர்வாகச் சுருட்டி, கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். மூடி இறுகும் 20-25 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வைத்து மூடுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் மாற்றுங்கள். ஹேங்கரில் மாட்டாதீர்கள், தோளில் கொம்பு முளைக்கும். காற்றை உறிஞ்சும் பை பயணத்துக்குச் சரி, மாதக்கணக்கில் வைத்தால் பட்டியின் உப்பல் போய்விடும். பெட்டி வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். ஆகஸ்டில் ஒருமுறையும் மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறையும் திறந்து உதறி, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி வையுங்கள்.

தேயிலைமேடு:

வசம்பு, வேப்பிலை, பாச்சை உருண்டை, இவற்றில் எது? இரண்டு ஸ்வெட்டர் கைக்குழந்தைக்குப் போடுவது.

ராமபாணம்:

வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வாடையால் கொஞ்சம் விலக்கும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. துணியில் முடிந்து வைப்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்பாதீர்கள். பாச்சை உருண்டை மூடிய பெட்டியில்தான் வேலை செய்யும், பீரோவில் சும்மா உருட்டிவிட்டால் வாடை மட்டும்தான். குழந்தை ஸ்வெட்டர் இருக்கும் பெட்டியில் அதைப் போடவே போடாதீர்கள். நாப்தலீன் ஆவி பட்ட துணியால் பச்சிளங்குழந்தைகளுக்கு, முக்கியமாக ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்களுக்கு, ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். முன்பு அதோடு கிடந்த ஸ்வெட்டராக இருந்தால் துவைத்து, பல நாள் காற்றாட விட்டு, வாடை துளியும் இல்லாமல் போன பிறகுதான் குழந்தைக்குப் போட வேண்டும்.