புதுப்பிப்பு: அம்மாவோட மார்க்கேசஸ் போயிட்டு வந்தாச்சு

வயசான அம்மாவை பசிபிக் கடல்ல இருக்குற தஹித்தித் தீவிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்குச் சரக்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டிருந்தேன்லா? போயிட்டுப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தாச்சு. தாராளமா போகலாம்.

வழி சுமார் 1,400 கிலோமீட்டர், ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கப்பல்ல வாந்தி வராம இருக்க மாத்திரையை முந்தியே போடச் சொன்ன அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி.

மார்க்கேசஸ்ல ஒரு தீவான ஃபாட்டு ஹிவாவுக்கு விமானமே கிடையாது. கரைக்குப் போக சின்னப் படகுதான். அலை படகைத் தூக்குற நேரம் பார்த்து மாலுமிங்க அம்மாவோட ரெண்டு கையையும் பிடிச்சு ஏத்திவிட்டாங்க. முட்டுவலிக்காரங்க இதை மட்டும் யோசிச்சுக்கிடுங்க.

அரிசி, சிமெண்டை இறக்கிட்டு கொப்பரை மூட்டையை ஏத்துறாங்க. அந்த வாசனை வந்ததும் அம்மா தளத்தை விட்டு நகரவே இல்ல, அவ்வளவு சந்தோஷம்!

சைவக்காரங்களுக்குச் சுட்ட ஈரப்பலா (சீமைப்பலாக்காய்) உண்டு. பருப்புப்பொடி கொண்டுபோங்க.