துன்பத்தில் எது ஆறுதலாக இருந்தது? சிலரின் அனுபவங்கள்

முத்துநகர்வாசி:
என் கணவருக்குக் குடலில் புற்றுநோய். கீமோ ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் ஜெபிக்க வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் பாதிப் பேர் ஜெபத்தோடு ஒரு காரணத்தையும் கொண்டுவந்தார்கள். "விசுவாசம் இன்னும் கொஞ்சம் வேணும்மா", "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்று, அவர் காதில் விழும்படியே. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்த மனிதரிடம்!

எங்கள் சபையில் முன்பு உபதேசியாராக இருந்த ஐயா ஒருநாள் வந்தார். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் வேதப் புத்தகமான பைபிளைத் திறந்து, அதிலுள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதியில் வந்து நிற்கும். 13-ஐப் பாருங்கள், ‘எதுவரைக்கும்’ என்று கர்த்தரிடம் கேட்டு ஆரம்பித்து ஆறே வசனத்தில் பாட்டாகிவிடும். 88 அப்படியில்லை. 18 வசனமும் இருட்டுதான். சிநேகிதர்கூட விலகிப்போனார்கள் என்றே முடிகிறது. வாசித்துவிட்டு, "இதுவும் வேதத்துலதான் இருக்கு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

என் கணவர் அழுதார். நோய் தெரிந்த நாளிலிருந்து அழாதவர். அதற்குப் பிறகு தூக்கம் வராத ராத்திரிகளில், "அந்த எண்பத்தெட்டை எடு" என்பார். அவர் போன பிறகு நானும் அதைத்தான் எடுக்கிறேன். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து தவிக்கும் யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தானே இருந்தார்கள்? காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் வினை. கடைசியில், யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றி நிதானமாகப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் ஆண்டவர் கோபப்படுகிறார்.

நாகைக்காரி:
நாங்கள் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த சுனாமியில், வேளாங்கண்ணிக் கடற்கரையில் என் சித்தி மகனைப் பறிகொடுத்தாள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, மாதா செய்த அற்புதம், புதுமை என்று எல்லோரும் பேசினார்கள். கரையில் நின்ற பிள்ளைகளைப் பற்றிச் சித்தி கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. வேளாங்கண்ணிப் பெரிய திருவிழாவுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். செப்டம்பர் 8-ஆம் தேதியோடு அந்தக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, 15-ஆம் தேதி வியாகுல மாதா திருநாள் வரும். அன்றைக்கு மட்டும் எங்கள் ஊர்க் கோயிலுக்கு வருவாள். செத்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் அந்தச் சுரூபத்துக்கு முன்னால் பூசை முடிந்தும் உட்கார்ந்திருப்பாள். "இவகிட்ட எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லடி" என்பாள்.

சாயர்புரத்தான்:
முத்துநகர் அக்கா, விசுவாசம் போதாது என்று சொல்பவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அதனால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா ஐ.சி.யு.வில் கிடந்தபோது அம்மா தன்னையும் அதையே சொல்லித்தான் வதைத்துக்கொண்டாள். பயத்தில் வருகிற பேச்சு அது. காரணம் ஒன்று தெரிந்துவிட்டால் நம் வீட்டுக்கு அது வராது என்று ஒரு தைரியம். வசனம் சொல்லித் தேற்ற வந்தவர்களிடம் அம்மா சண்டைதான் போட்டாள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முறைவைத்துக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்ததைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே இரண்டு நிமிட ஜெபம், பழைய கேரியரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.